காப்பு கட்டாத கை

இந்த ஜவ்வாது மலையில் ஒரு பல்கலைக்கழகத்தை எதிர்த்து நின்று ஜெயித்த ஒரே ஆள் நான்தான்.

பொய். எதிர்த்தும் நிற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. 'ஒரே ஆள்' என்ற இரண்டு வார்த்தை மட்டும் நிஜம். என்னைப் பிடித்த சனியனும் அந்த இரண்டு வார்த்தைதான்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் குளிப்பாட்டித்தான் தாளில் இறக்குகிறார். பிழை இருந்தால் அவருடையது, பொய் இருந்தால் என்னுடையது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

பல்கலைக்கழகம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்காதீர்கள். அது கீழே, சமவெளியில். எங்கள் மலையில் இருந்தது அதன் சுண்டுவிரல் நகம்: ஓர் ஆராய்ச்சிப் பண்ணை. சாமைப் பாத்தி, கேழ்வரகுப் பாத்தி, ஒட்டுப் புளியங்கன்று, ஒரு பம்புசெட்டு ரூம், ஒரு குடோன். அங்கே எங்கள் ஊர் ஆட்கள் முப்பத்தெட்டுப் பேர் தினக்கூலி. அதில் நானும் என் பெண்டாட்டியும் இரண்டு பேர். கூலிக்காரனாகப் பதினோரு வருசம் வேலை செய்தேன். ஒடுகத்தூர் கடைத்தெருவில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் "யூனிவர்சிட்டில" என்பேன். மளிகைக்கடை பாய் ஒருமுறை விடாமல் கேட்டார்.

"யூனிவர்சிட்டில இன்னா டிபார்ட்மென்ட்டு?"

"எருக்குழி டிபார்ட்மென்ட்டு பாய். நான்தான் அதுக்கு எச்.ஓ.டி."

எங்களில் யாருக்கும் படிப்பு இல்லை. அதனால் பண்ணையில் கணக்கெல்லாம் நார் முடிச்சில்தான். ஒரு பாத்தியில் எத்தனை கன்று பட்டுப்போனதோ அத்தனை முடிச்சைக் கற்றாழை நாரில் போட்டுச் சாயங்காலம் பண்ணை மேலாளரிடம் கொடுப்போம். அவர் விரலால் தடவி எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வார். வருசக்கணக்காக எண்ணி எண்ணி, பார்க்காமலே எண்ணப் பழகியிருந்தார்.

ஒருநாள் காலையில் பம்புசெட்டு ரூம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டிரான்சிஸ்டர் மலைக்கு வந்துவிட்ட, ஆனால் கரண்ட் ஊருக்குள் வராத காலம் அது. பண்ணைக்கு மட்டும் டீசல் இன்ஜின். நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் அந்தத் தாளைச் சுற்றி நின்றோம். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், என் தோளை இடித்தான்.

"டேய், நீதான் பெரிய எச்சோடியாச்சே. இன்னா எழுதிக்கீது சொல்லு."

நான் தாளை மேலிருந்து கீழே பார்த்தேன். பிறகு கீழிருந்து மேலே பார்த்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"நாளைலேர்ந்து காக்காய காக்காயே ஓட்டிக்குமாம். நமக்கெல்லாம் லீவாம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் பெண்டாட்டி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது ஜீப் டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்து நிஜமாகவே படித்தார். பல்கலைக்கழகத்தில் நிதி இல்லை. வரும் மாதம் முதல் தேதியிலிருந்து இந்தப் பண்ணையில் ஆறு பேருக்குத்தான் வேலை. மற்ற முப்பத்திரண்டு பேர் வர வேண்டாம்.

சிரித்த வாய்கள் மூடவே இல்லை, அப்படியே நின்றன. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் சரியாகப் படித்தேன், அது இப்படி.

அந்த வருசம் மழை இல்லை. சாமை முழங்கால் உயரம்கூட வரவில்லை. பண்ணை வேலை போனால் அடுத்த வழி, கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் லாரிதான். மேற்கே காபித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு போவார்கள். போன குடும்பங்களில் பாதி, திரும்பி வரும்போது ஆள் குறைந்து வந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. லாரி என்ற சொல்லைக் கேட்டாலே பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் கீழேயிருந்து ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் நடந்தே ஏறி வந்தார். பல்கலைக்கழகத்தில் கிளார்க்கு. ரப்பர் செருப்பு ஒன்று வழியில் அறுந்து, அதைக் கையில் பிடித்திருந்தார். கோயில் முன்னால் உட்கார்ந்து பேசினார்.

"கீழே எல்லாரும் வேலைநிறுத்தம் செய்யப்போறோம். குமாஸ்தா, பியூன், தோட்டக்காரன், எல்லாரும். நீங்களும் நிக்கணும். ஒரே ஒரு ஆள் பண்ணைக்குள்ள போய் மண்வெட்டியைப் பிடிச்சாலும் எல்லாம் போச்சு. பார்த்தியா, ஆள் கிடைக்குதுன்னு எழுதிடுவாங்க."

ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கஞ்சி இல்லாதவன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? நான்காம் நாள் விடிவதற்குள் ஒருத்தன் பின்பக்கமாகப் போய்விடுவான். அவன் யார் என்றுதான் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. அது சும்மா இருந்திருக்கலாம்.

"ஆத்தாளுக்குக் காப்பு கட்டிட்டா?" என்றேன். "காப்பு கட்டினவன் எவன் எல்லைக் கல்லைத் தாண்டுவான்? பண்ணை கல்லுக்கு அந்தாண்டதான கீது."

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினால் பதினோரு நாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினவன் வீட்டில் சாவு விழும் என்பது வழக்கம். எங்கள் ஆட்கள் போலீசுக்குப் பயப்படாவிட்டாலும் அதற்குப் பயப்படுவார்கள்.

ஊர்க்கவுண்டர் யோசித்தார். "ஆடிலதான காப்பு?"

"ஆத்தா இன்னா காலண்டரா பாத்துகினு கீறா மாமா?"

சங்கத்துக்காரர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "மூளைய்யா உனக்கு!" என்றார். பதினோரு வருசத்தில் என்னிடம் அப்படி ஒரு உறுப்பு இருப்பதாக யாரும் சொன்னதில்லை. பூசாரி பூ வைத்துக் கேட்டார், பூ வலப்பக்கம் விழுந்தது. ஆத்தாளுக்குச் சம்மதம்.

காப்பு கட்டுகிற நாள் காலையில் என் பெண்டாட்டிக்கு வலி வந்து, பெண் குழந்தை பிறந்தது. சந்தோசத்தில் குளித்துவிட்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது வலது கையை நீட்டினேன். பூசாரி கயிற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"டேய், உன் வூட்ல தீட்டு கீதுடா. தள்ளிப் போ."

பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் கோயில் பக்கம் வரக்கூடாது, காப்பும் கட்டக்கூடாது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் என் மூளையைப் பாராட்டின நாளிலிருந்து நான் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன், பயன்படுத்தவில்லை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். தன் மணிக்கட்டைப் பார்த்தான், என் மணிக்கட்டைப் பார்த்தான்.

"அப்ப இவன் மட்டும் தாண்டலாம்."

முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தாறு பேர் கட்டப்பட்டிருந்தார்கள். என் பெண்டாட்டி பிள்ளைப்பேற்றுக் குடிசையில். மிச்சம் நான் ஒரே ஆள்.

மறுநாளிலிருந்து பண்ணை நின்றது. இன்ஜின் சத்தம் இல்லாத மலை எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருந்தோம். பண்ணை மேலாளர் நடந்தே வந்து எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம் நின்றார். உள்ளே எல்லோரும் உட்கார்ந்து மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்கள்.

"கன்னெல்லாம் கருகுதுடா! நாலு பேராவது வாங்கடா!"

"எங்களுக்கு இன்னா சார்," என்றேன் நான். "ஆத்தாளுக்கு ஒரு மெமோ குடுத்துப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. என் வெறுங்கையைப் பார்த்தார். அன்று சாயங்காலம் டிரைவர் மூலம் ஒரு சேதி வந்தது: நீ மட்டும் வா, ஆறில் ஒன்று உனக்கு, வாட்ச்மேன் வேலை.

அந்தச் சேதி என் காதுக்கு வருவதற்கு முன்பே ஊர்க் காதுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு எதிர்வீட்டு வாசலில் எப்போதும் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். நான் புதருக்கு ஒதுங்கப் போனால் பின்னாலேயே எழுந்து வருவான்.

"எங்க மாமா போற?"

"யூனிவர்சிட்டியக் கவுக்க. வர்றியா?"

"வர்றேன்," என்று பக்கத்தில் வந்து குந்துவான். அந்தச் சுகத்தையும் தனியாக அனுபவிக்க விடவில்லை.

நான்காம் நாள் வீட்டில் கேழ்வரகு தீர்ந்தது. மற்ற வீடுகளிலும் தீர்ந்திருந்தது. கோயில் கூழ் ஒரு வேளை கிடைத்தது. தீட்டு வீட்டுக்கு அதுவும் எட்டவில்லை. குழந்தை அழுதது. முதலில் பலமாக, பிறகு மெதுவாக. மெதுவாக அழுததுதான் எனக்குப் பயமாக இருந்தது. குடிசை வாசலில் நின்று ஏதோ வேடிக்கை சொன்னேன். பெண்டாட்டி உள்ளேயிருந்து சொன்னாள்:

"ஊரையே சிரிக்க வெச்சியே. இப்ப புள்ளைக்குப் பால் சுரக்க வெய்யி பாக்கலாம்."

வேடிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு வாசலை விட்டு நகர்ந்தேன்.

ஐந்தாம் நாள் சங்கத்துக்காரர் ஒரு கடிதம் அனுப்பினார். டிரைவர்தான் கல்லுக்கு வெளியே நின்று படித்துக்காட்டினார். வெள்ளிக்கிழமை செங்கத்தில் லேபர் ஆபீசர் முன்னால் பேச்சுவார்த்தை. மலைப் பண்ணை ஆட்கள் சார்பில் ஒருவர் நேரில் வரவேண்டும். வராவிட்டால் மலையில் தகராறே இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் மறுநாள். காப்பு அவிழ்ப்பதோ அடுத்த புதன்கிழமை.

ஒருத்தனும் பண்ணைக்குள் போகக்கூடாது என்று போட்ட பூட்டில் நாங்களே மாட்டிக்கொண்டோம். பூட்டைச் செய்தவன் நான்.

"ஒருத்தனுக்கு மட்டும் அவுத்துவுட்டா இன்னா?" என்று யாரோ கேட்டார்கள். ஊர்க்கவுண்டர் அவனை முறைத்தார். "ஆத்தா வேற, ஆபீஸ் வேற. அவுத்தா ஊரே போவும்."

எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பின. அண்ணன் மண்ணில் துப்பினான்.

"இவனையா? சாவு வூட்லயும் பல்ல இளிக்கிற இவன நம்பியா?"

வேறு ஆள் இல்லை. கற்றாழை நார் ஒன்று கொண்டுவந்தார்கள். நான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு எண்ணிக்கையை விட்டுவிடுவேன் என்று பயம். ஒவ்வொருவராக வந்து தனக்கென்று ஒரு முடிச்சுப் போட்டார்கள். அண்ணன் தன் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினான்.

"இத அவுக்க முடியாது. அறுக்கத்தான் முடியும். நெனப்புல வெச்சிக்கோ."

குடிசைக் கதவிடுக்கில் நாரை நீட்டினேன். பெண்டாட்டி ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு போட்டதால் அவள் முடிச்சு தொளதொள என்றிருந்தது. கடைசி முடிச்சு என்னுடையது. முப்பத்தெட்டு.

விடியற்காலையில் மலையிறங்கி, பஸ் ஏறி, செங்கம் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் சங்கத்துக்காரர் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் டீ சொன்னார். அவருடைய டீயைக் குடிக்கவே இல்லை.

"கீழே முடிஞ்சுபோச்சுப்பா," என்றார். "நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாங்க. பர்மனென்ட் ஆளுங்க யாருக்கும் வேலை போகாது. தினக்கூலி அந்த ஒப்பந்தத்துல வரலை."

"நாங்கதான தினக்கூலி?"

"ஆமாம்."

"அப்ப இன்னாத்துக்குய்யா நாங்க பட்டினி கெடந்தோம்?"

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுந்த வாருக்குப் பதில் கம்பி கட்டியிருந்தது.

சர்க்கார் பங்களாவில் மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர்: லேபர் ஆபீசர், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர், எங்கள் பண்ணை மேலாளர். நான் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அதன் ஓரத்தில் உட்கார்ந்தேன், பாதி நாற்காலி காலியாகவே இருந்தது. சங்கத்துக்காரர் சுவரோரமாக வாய் திறக்காமல் நின்றார்.

நான் நாரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என்ன இது?" என்றார் கண்ணாடிக்காரர்.

மேலாளர் பழக்கதோசத்தில் அதை எடுத்தார். விரல்கள் பாட்டுக்கு ஓடின. "முப்பத்தெட்டு சார். பட்டுப்போன கன்னுக் கணக்கு," என்றார்.

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நாரைச் சூடுபட்டவர் மாதிரி கீழே வைத்தார். மின்விசிறி கரக் கரக்கென்று சுற்றியது.

அந்த இடத்தில் நான் கத்தியிருக்கவேண்டும். காலில் விழுந்து அழுதிருந்தாலும் சரி. ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்டதே இல்லை.

"இன்னும் பட்டுப்போவல சார். தண்ணி வுட்டா துளுத்துக்கும்."

லேபர் ஆபீசர் சிரித்துவிட்டார். பெரிய ஆபீசர் ஒருவர் என் பேச்சுக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பேராசை வந்துவிட்டது. எருக்குழி டிபார்ட்மென்ட்டைச் சொன்னேன். ஆத்தாளுக்கு மெமோ கொடுக்கச் சொன்னதைச் சொன்னேன். புதருக்குக் காவல் வந்தவனைச் சொன்னேன். ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர்கூட உதட்டைக் கடித்தார். எனக்கு பிஸ்கட் வந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் என் மனசுக்குள் ஆறு பத்தாச்சு, பத்து இருபதாச்சு.

பிறகு கண்ணாடிக்காரர் ஃபைலை மூடினார்.

"ஆறு," என்றார்.

"சார்..."

"எங்களுக்கே ரெண்டு மாசமா சம்பளம் இல்லப்பா. ஒத்துக்கிட்டா ஆறு. இல்லன்னா பண்ணையையே மூடிடுவோம். அப்புறம் ஒண்ணுமே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய சட்டைக் காலர் திருப்பித் தைத்தது. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இல்லாதவனிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆறு பேரு யாருன்னு நாங்கதான் சொல்லுவோம்," என்றேன்.

"சொல்லு."

நாரைக் கையில் எடுத்தேன். எல்லா முடிச்சும் ஒன்றுபோலவே இருந்தன. அண்ணனுடைய இறுகிய முடிச்சு தெரிந்தது. என் பெண்டாட்டியின் தொளதொள முடிச்சு தெரிந்தது. மற்றதெல்லாம் யாருடையதோ. அந்த இரண்டில் விரலை வைத்தேன், எடுத்தேன்.

"ஊரு சொல்லட்டும் சார். புதன்கெழம காப்பு அவுத்ததும் சொல்றோம்."

"சரி. ஆறு வரி காலியா விட்டு வைக்கிறோம். நீ கைநாட்டு வை."

மை டப்பாவை நகர்த்தினார்கள். சுவரோரம் சங்கத்துக்காரர் இருமினார்.

அந்த இருமலைப் பற்றி இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். இருமல் காதில் விழவில்லை, விழுந்திருந்தால் கைநாட்டு வைத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவந்தேன். அதுவும் பொய். கேட்டது. காலித்தாளில் கட்டைவிரல் வைக்கக்கூடாது என்று படிக்காதவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்றுமில்லாமல் திரும்பி அந்தக் குடிசை வாசலில் போய் நிற்க என்னால் முடியாது. வைத்தேன்.

சாயங்காலம் எல்லைக் கல்லுக்கு வந்தபோது ஊரே உள்ளே நின்றது. நான் வெளியே.

"இன்னாடா ஆச்சு?"

எனக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை. "ஆறு," என்றேன்.

"முப்பத்தெட்டு எடுத்துனு போய் ஆறு கொண்டாந்தியா?" என்றான் அண்ணன்.

"யாருன்னு நாமதான் சொல்லணும். எடம் காலியா கீது."

அந்த ஐந்து நாளை எப்படிச் சொல்வது? ஆத்தாளுக்கு ஆடவேண்டிய ஜனம், யாருக்கு எத்தனை பிள்ளை, யார் புருசனில்லாதவள், யாருக்கு எத்தனை காணி என்று ஒருவர் வாயை ஒருவர் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரே தட்டில் தின்ற அண்ணன் தம்பிகள் கல்லெடுத்தார்கள். கடைசியில் ஆத்தா முன்னால் பூ வைத்தே ஆறு பேரை எடுத்தார்கள். தீட்டு வீடு என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் பூவே வைக்கவில்லை. அண்ணனுக்குப் பூ விழுந்தது. அவன் தரையில் விழுந்து அழுததைப் பார்த்து நானும் அழுதேன். நமக்கு இல்லாவிட்டாலும் அவனுக்கு ஆச்சே என்றுதான் நினைத்தேன். இதை மட்டும் நம்புங்கள்.

வியாழக்கிழமை காலை, காப்பு அவிழ்த்த கையோடு அந்த ஆறு பேரும் முன்னால் நடக்க, ஊரே பண்ணைக்குப் போனது. பம்புசெட்டு ரூம் கதவில் தாள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. கீழே என் கட்டைவிரல் ரேகை. மேலே ஆறு பெயர், ஆறும் நிரப்பியாச்சு. டிரைவர் படித்தார். ஐந்து பேர் மேலாளருக்கு வீட்டு வேலை செய்தவர்கள். முதல் பெயர் என்னுடையது. ஆத்தா எடுத்த ஆறில் ஒருவர்கூட இல்லை.

அண்ணன் அங்கே எதுவும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. நான் மேலாளரின் வாசலில் போய்க் கத்தினேன், என் பெயரை அடித்துவிட்டு அண்ணன் பெயரைப் போடச் சொல்லி. டைப் அடித்தாகிவிட்டது என்றார். மறுநாள் நான் வேலைக்குப் போனேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது, போனேன்.

பதினைந்து நாளில் லாரி வந்தது. மேஸ்திரி கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள், ஒரு அலுமினியப் பானை. ஏறினவன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"டேய். காப்பு கட்டலாம்னு நீதான சொன்ன. உன் பொண்டாட்டிக்கு நாள் நெருங்குதுன்னு அப்பவே தெரியும் இல்ல உனக்கு? தெரிஞ்சிதான் சொன்னியா?"

லாரி கிளம்பிவிட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். புழுதி வாய்க்குள் போயிற்று. ஓடிக்கொண்டே, பலகையை ஒரு கையால் எட்டிப் பிடித்து, அவனிடம் சொன்னேன், அண்ணா, நான்...

"யோவ் வாச்மேன்! எங்கய்யா போய்த் தொலஞ்ச? ஜீப்பு வந்து நின்னுனு கீது, கேட்டத் தொறய்யா!"

"தோ வந்துட்டேங்க! வாத்தியாரே, மீதிய அப்புறம் சொல்றேன்."